பாதி வரியில் நிற்கும் கை: தன்னேற்பும் படைப்பு வெளிப்பாடும்

"தன்னைத் தானே ஏற்றுக்கொள்வது படைப்பு வெளிப்பாட்டுக்குத் துணைசெய்யும் என்று பலரும் சொல்கிறார்கள், எப்படித் துணைசெய்கிறது என்பதை யாரும் விளக்குவதில்லை. இருப்பதை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டால் இன்னும் நன்றாகச் செய்யவேண்டும் என்ற வேட்கை அணைந்துவிடாதா? பெரிய கலைஞர்கள் பலர் தம்மைத் தாமே வெறுத்தவர்கள்தாமே?" என்ற கேள்விக்கு என்னால் இயன்ற விரிவான பதில் இது. புதிதாக எழுத வருபவர்களின் கைப்பிரதிகளை வாசித்துத் திருத்திக் கொடுக்கும் வேலையில் நெடுநாளாக இருக்கிறேன். அந்த வேலையில் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்றைப் புரிந்துகொள்வதற்காகவே படைப்பாக்கம் குறித்த உளவியல் ஆய்வுகளையும் படிக்க நேர்ந்தது. ஆகவே எடுத்துக்காட்டுகளில் எழுத்து சற்று மிகுந்திருக்கும். சொல்லப்படுவது ஓவியத்துக்கும் இசைக்கும் அதே அளவு பொருந்தும்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. தன்னேற்பு என்றதும் தன்னைப் பற்றிய உயர்ந்த எண்ணம் என்று பலர் பொருள் கொள்கிறார்கள். அது தன்மதிப்பு. தன்மதிப்பு ஒருவகை மதிப்பெண். பாராட்டு வந்தால் ஏறும், மறுப்பு வந்தால் இறங்கும், பக்கத்தில் இருப்பவர் முந்திக்கொண்டால் காரணமே இல்லாமல் சரியும். தன்னேற்பில் அந்த மதிப்பெண் பலகையே கிடையாது. அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் தம் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய வேறுபாடு இதுதான்: ஒருவர் செய்த செயலை நல்லது, கெட்டது, திறமையானது, திறமையற்றது என்று மதிப்பிடலாம், மதிப்பிடவும் வேண்டும், ஆனால் செய்த ஆளை முழுவதுமாக ஒரே எண்ணுக்குள் அடைப்பதற்குப் பொருளே இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று பழமொழி சொல்லும் மயக்கத்தையும் இதோடு சேர்த்துவிடக் கூடாது. தன்னேற்பு உடைய காக்கை, குஞ்சு கறுப்புதான் என்று நன்றாக அறிந்தே அதற்கு இரை ஊட்டுகிறது.

இந்த வேறுபாட்டைப் படைப்பு வேலைக்குள் கொண்டுவந்தால் என் பதிலின் மையம் கிடைத்துவிடும். படைப்பவருக்குள் ஒரு நீதிபதி எப்போதும் இருக்கிறார். அவரை வெளியேற்ற முடியாது, வெளியேற்றவும் கூடாது. அவர் யாரைக் கூண்டில் ஏற்றுகிறார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். தன்னை ஏற்காதவரிடத்தில் எழுதியவரே கூண்டில் நிற்கிறார்; ஒவ்வொரு வரியும் அவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. தன்னை ஏற்றவரிடத்தில் எழுத்து மட்டும் கூண்டில் நிற்கிறது, எழுதியவர் நீதிபதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த எழுத்தைக் கூர்ந்து பார்க்கிறார். தரம் குறைவதில்லை. தீர்ப்பு விழும் இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

தாளில் இது எப்படித் தெரிகிறது என்பதற்கு ஒரு கைப்பிரதியை அருகில் வைத்துப் பார்க்கலாம். தமக்கையின் மேல் தங்கைக்கு இருந்த பொறாமையைப் பற்றி ஒருவர் ஒரு சிறுகதை எழுதிக் கொண்டுவந்தார். "நான்" என்று தன்மையில் சொல்லப்பட்ட கதை. நடை நன்றாகவே இருந்தது, காட்சிகள் துலக்கமாக இருந்தன. ஆனால் பொறாமை வரவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் மொழி திடீரென்று மங்கியது. பரிசளிப்பு விழாவில் தமக்கையின் பெயர் அறிவிக்கப்படும் இடத்தில் முதல் பிரதியில் இருந்த வரி இது: "அந்த நேரத்தில் மனித மனத்தின் விசித்திர அலைகள் என்னை எங்கோ இழுத்துச் சென்றன." மூன்று சொற்கள் முன்னால்தான் மேடையின் மரப்பலகை கிறீச்சிடுவதைக் கேட்ட எழுத்தாளர், இங்கே வந்ததும் மனித மனம், விசித்திர அலைகள், எங்கோ என்று மூன்று திரைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திவிட்டார். இலக்கணப் பிழை இல்லை, திறமைக் குறைவும் இல்லை. அந்தப் பொறாமை தன்னுடையது என்று தெரிந்துவிடுமோ என்ற கூச்சம் அது.

நான் கேட்டது ஒன்றுதான்: "அந்த நொடியில் நீங்கள் என்ன நடக்கவேண்டும் என்று விரும்பினீர்கள்?" நெடுநேரம் பேசாமல் இருந்தார். அடுத்த வாரம் வந்த பிரதியில் அந்த இடம் இப்படி இருந்தது: "அக்காவின் பெயரை வாசிக்கும்போது ஒலிபெருக்கி பழுதாகிவிட வேண்டும் என்று நினைத்தேன். பழுதாகவில்லை. முதலில் கைதட்டியது நான்தான்." அணி இல்லை, உவமை இல்லை. ஆனால் வாசிப்பவருக்குத் தன் வாழ்க்கையில் பழுதாகவேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஏதோ ஓர் ஒலிபெருக்கி நினைவுக்கு வந்துவிடும். பொறாமைப்பட்டதில் பெருமை கொண்டதால் இந்த வரி வந்துவிடவில்லை. பொறாமைப்பட்டவள் நான்தான், அதனால் நான் முழுவதும் கெட்டவளாகிவிடவில்லை என்ற அளவுக்கு மனம் தளர்ந்ததும், அதுவரை பூட்டியிருந்த ஒரு துல்லியமான நினைவு வெளியே வந்தது.

தன்னேற்பின் முதல் உதவி இது. என் மதிப்பீட்டில் மிகப் பெரிய உதவியும் இதுதான். படைப்புக்கான மூலப்பொருள் பெரும்பாலும் நாம் மறைத்து வைக்கும் அறைகளில்தான் கிடக்கிறது. அச்சம், ஆசை, சிறுமை, விநோதமான ரசனை, யாரிடமும் சொல்லாத கோபம் என்று நமக்கே உரியவை எல்லாம் அங்கே இருக்கின்றன. வெளியறையில் இருப்பது எல்லோர் வீட்டிலும் இருக்கும் நாற்காலி. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1954இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஆக்கபூர்வமான படைப்புக்கு மனிதனுக்குள் இருக்கவேண்டிய நிலைகளாக மூன்றைக் குறிப்பிட்டார்: அனுபவத்துக்குத் திறந்திருத்தல், மதிப்பீட்டின் மையம் தனக்குள்ளேயே இருத்தல், கருத்துகளையும் பொருள்களையும் வைத்து விளையாடும் திறன். இங்கே திறந்திருத்தல் என்று அவர் சொன்னது தற்காப்புக்கு எதிர்ப்பதமாக. தன்னைப் பற்றி வைத்திருக்கும் சித்திரத்துக்குப் பொருந்தாத அனுபவம் வரும்போது மனம் அதைத் திரித்தோ மறுத்தோ சமாளிக்கிறது. சித்திரத்தைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் குறையும்போது அனுபவம் உள்ளபடியே உள்ளே வருகிறது. கலைஞனுக்குக் கண் கூர்மையாக இருக்கவேண்டும் என்கிறோம். உள்ளே எதைப் பார்க்கக்கூடாது என்று தடை போட்டிருக்கும் கண், வெளியேயும் அரைகுறையாகத்தான் பார்க்கிறது.

இரண்டாவது உதவி கவனம் சார்ந்தது. படம் வரையக் கற்றுக்கொள்பவர் ஒருவரின் கையைக் கவனித்துப் பாருங்கள். கோடு பாதி தூரம் போனதும் கை நிற்கும், மற்றொரு கை அழிப்பானைத் தேடும். அந்தக் கோடு எங்கே போகவிருந்தது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது, வரைந்தவர் உட்பட. வரையும் பொருளின் மேல் இருக்கவேண்டிய பார்வை, "பார்ப்பவர் என்ன நினைப்பார், எனக்கு வரையவே வராதோ" என்று வரைபவரின் மேலேயே திரும்பிவிட்டது. தாளைப் பார்க்காமல் பொருளின் விளிம்பை மட்டும் கண்ணால் பின்தொடர்ந்து, அதே வேகத்தில் பென்சிலை நகர்த்தும் பழைய பயிற்சி ஒன்று ஓவிய வகுப்புகளில் உண்டு. வரும் படம் கோணல்மாணலாகத்தான் இருக்கும். மூக்கு காதுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஆனால் அந்தக் கோடுகளில் ஓர் உயிர் இருப்பதைப் பயிற்சி செய்தவர்களே வியந்து சொல்வார்கள். தாளைப் பார்க்க முடியாததால் தன்னைத் தீர்ப்பிடவும் முடியவில்லை; எல்லாக் கவனமும் பொருளுக்கே கிடைத்தது. இந்த விடுதலையை ஒரு தந்திரத்தின் வழியாகச் சில நிமிடங்களுக்குப் பெறுகிறோம். தன்னேற்பு இதையே மெல்ல மெல்ல இயல்பாக்குகிறது.

சார்லஸ் லிம், ஆலன் பிரவுன் இருவரும் 2008இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இதையொட்டிச் சுவையானது. தொழில்முறை ஜாஸ் பியானோ கலைஞர்கள் ஆறு பேரை மூளையின் செயல்பாட்டைக் காட்டும் ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, சிறிய விசைப்பலகை ஒன்றைக் கொடுத்து, மனப்பாடமான இசையையும் அந்தக் கணத்தில் கற்பனையாகத் தோன்றும் இசையையும் மாறி மாறி வாசிக்கச் செய்தார்கள். கற்பனை வாசிப்பின்போது, திட்டமிடல், தன் செயலைக் கண்காணித்தல் போன்றவற்றோடு தொடர்புடைய, மூளையின் முன்மடலின் வெளிப்பக்கப் பகுதிகளில் செயல்பாடு தணிந்தது. தன்னைப் பற்றிய எண்ணங்களோடு தொடர்புபடுத்தப்படும் முன்மடலின் நடுப்பகுதி ஒன்றில் செயல்பாடு கூடியது. ஆறு பேரை வைத்து மூளைக்குள் நீதிமன்றம் இருக்கும் தெருவையும் கதவு எண்ணையும் கண்டுபிடித்துவிட்டதாகச் சிலர் எழுதுகிறார்கள், அது மிகை. ஆயினும் கண்காணிப்பைத் தளர்த்துவதும் தனக்குள்ளிருந்து பேசுவதும் ஒன்றாக நிகழக்கூடியவை என்ற அளவுக்கு இந்த ஆய்வை எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

நேரடியாகவே இந்தக் கேள்வியைத் தொட்ட ஆய்வு ஒன்றும் உண்டு. தார்யா ஸபெலினா, மைக்கேல் ராபின்சன் இருவரும் 2010இல் வெளியிட்டது அது. மாணவர்களைத் தமக்கு நேர்ந்த கசப்பான நிகழ்ச்சி ஒன்றை நினைத்துப் பார்க்கச் செய்து, ஒரு பகுதியினரை மட்டும் அந்நிகழ்ச்சியில் தம்மைத் தாமே பரிவோடு அணுகும்படி வழிநடத்தினார்கள். பிறகு எல்லோருக்கும் படைப்பாற்றல் சோதனை ஒன்றைக் கொடுத்தார்கள். இயல்பாகவே தம்மைக் கடுமையாகச் சாடிக்கொள்ளும் மாணவர்கள், பரிவுப் பயிற்சி கிடைக்காத பிரிவில், புதுமையில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். பயிற்சி கிடைத்த பிரிவில் அந்த இடைவெளி மறைந்துபோனது. இதில் நான் கவனிக்கும் நுட்பம் இது: பரிவு எல்லோரையும் மேதையாக்கிவிடவில்லை, ஏற்கெனவே தம்மிடம் இணக்கமாக இருந்தவர்களுக்குப் பெரிதாக எதையும் கூட்டவும் இல்லை. தம்மையே வதைத்துக்கொள்பவர்களிடம் அடைபட்டுக் கிடந்ததைத் திறந்துவிட்டது. ஆகவே தன்னேற்பைப் புதிய ஆற்றலாக எண்ணாமல் ஒரு தடையின் நீக்கமாக எண்ணுவதே பொருத்தம். வாய்க்காலில் கிடக்கும் கல்லை அகற்றினால் தண்ணீர் ஓடும். ஊற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது தனிக் கேள்வி.

பாராட்டுக்காகச் செய்வதற்கும் தன்னேற்புக்கும் உள்ள உறவையும் இங்கே சொல்லிவிடலாம். தன்னை ஏற்காதவருக்கு ஒவ்வொரு படைப்பும் தான் இருப்பதற்கான அனுமதிச்சீட்டு. பிறர் கையெழுத்திட்டால்தான் செல்லும். தெரசா அமாபிலே 1985இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தில் ஈடுபாடுள்ள 72 பேர் ஹைக்கூ வடிவத்தில் கவிதை எழுதினார்கள். இரண்டாவது கவிதைக்கு முன்னால் ஒரு பிரிவினரிடம், எழுதுவதற்கான உள்ளார்ந்த காரணங்கள் அடங்கிய பட்டியல் ஒன்றைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரிடம் புகழ், வேலைவாய்ப்பு போன்ற புறக்காரணங்களின் பட்டியலைக் கொடுத்தார்கள். சில நிமிட வேலை அது. இருந்தும் புறக்காரணங்களை எண்ணிப்பார்த்தவர்களின் இரண்டாவது கவிதையைப் படைப்பாற்றலில் குறைந்ததாகக் கவிஞர்கள் மதிப்பிட்டார்கள். சில நிமிடம் எண்ணிப்பார்த்ததற்கே இந்த விளைவு என்றால், பல ஆண்டுகளாக "இது பாராட்டப்படாவிட்டால் நான் ஒன்றுமில்லை" என்ற எண்ணத்தோடு எழுதுகிறவரின் நிலை என்னவாக இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இனி உண்மையான கேள்விக்கு வருகிறேன். ஏற்றுக்கொண்டால் முன்னேற்றம் நின்றுவிடாதா? கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த ஐயத்துக்கு அடியில், சாட்டை இல்லாவிட்டால் குதிரை ஓடாது என்ற நம்பிக்கை இருக்கிறது. ராஜர்ஸ் 1961இல் வெளியான தம் நூலில் இதற்கு நேர்மாறான ஒன்றைத் தம் அனுபவமாகப் பதிவுசெய்தார்: நான் இருக்கிறபடியே என்னை ஏற்றுக்கொள்ளும்போதுதான் என்னால் மாற முடிகிறது என்பது விந்தையான முரண் என்றார். ஜூலியானா பிரெய்ன்ஸ், செரீனா சென் ஆகியோரின் 2012ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு ஒரு சோதனைச் சான்றைத் தருகிறது. கடினமான சொல்வளத் தேர்வு ஒன்றில் தோற்ற மாணவர்களில் ஒரு பிரிவினருக்குத் தம்மிடமே கடுமை காட்டவேண்டாம் என்ற பரிவுச் செய்தியும், இன்னொரு பிரிவினருக்கு நீங்கள் அறிவாளிகள்தாம் என்று தன்மதிப்பைத் தூக்கிவிடும் செய்தியும் கிடைத்தன. அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தவர்கள் பரிவுச் செய்தி கிடைத்தவர்கள். காரணம் ஊகிக்கக்கூடியதே. தோல்வியை எடுத்துப் பார்க்க முடிந்தவர்தான் அதைத் திருத்த முடியும். பார்க்கவே கூசுகிறவர் பிரதியை மூடிவைத்துவிடுவார்.

என் மேசைக்கு வரும் பிரதிகளில் இதைத் தினமும் காண்கிறேன். மூன்றாம் அத்தியாயம் தளர்வாக இருக்கிறது என்று சொன்னால், தன்னை ஏற்காத எழுத்தாளர் இரண்டில் ஒன்றைச் செய்வார். எனக்கு எழுதவே வராது என்று முழு நாவலையும் தூக்கி எறியப் புறப்படுவார்; அல்லது வாசகர்களுக்குத்தான் பொறுமை இல்லை என்று ஆடத் தெரியாதவர் கூடத்தைக் கோணல் என்ற கதையாக வாதிடுவார். இரண்டும் வெவ்வேறாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான்: அத்தியாயத்தைப் பற்றிச் சொன்னது தன்னைப் பற்றிச் சொன்னதாகக் காதில் விழுந்திருக்கிறது. தன்னை ஏற்றவர் சற்று முகம் வாடுவார், மனிதர்தானே, பிறகு "எந்தப் பக்கத்திலிருந்து தளர்கிறது?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்பவர்தான் அடுத்த ஆண்டு இன்னும் நன்றாக எழுதுகிறார். அதனால் வேட்கை அணைந்துவிடும் என்ற அச்சம் எனக்கு இல்லை. சோம்பலைத் தன்னேற்பு என்று பெயர் மாற்றி வைத்துக்கொள்பவர்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. "இதுதான் என் பாணி" என்று சொல்லிப் பிழையைக் கூடத் திருத்த மறுப்பவர்கள் அவர்கள். பாணி என்ற சொல்லுக்குப் பின்னால் அப்படி ஒளிவதும் தற்காப்பின் இன்னொரு வேடம்தான்.

தம்மைத் தாமே வெறுத்த மேதைகளைப் பற்றிய வாதத்துக்கு எல்லோரும் முதலில் எடுத்துக்காட்டுவது ஜெர்மன் மொழி எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவை. எழுதியவற்றை எரித்துவிடும்படி நண்பர் மாக்ஸ் பிராடிடம் கேட்டுக்கொண்டவர் அவர். 1924இல் அவர் இறந்தபோது மூன்று நாவல்களும் முடிவடையாமல் கிடந்தன. தன்மீதான ஐயம் அவருடைய எழுத்தின் பொருளாக அமைந்தது உண்மை. ஆனால் அவர் எழுதிய முறையையும் பார்க்கவேண்டும். 1912 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து மறுநாள் காலை ஆறு மணிவரை, கால் மரத்துப்போகும் அளவுக்கு ஒரே இருப்பில் ஒரு கதையை எழுதி முடித்தார். இப்படித்தான் எழுத முடியும், உடலும் உள்ளமும் முழுவதுமாகத் திறந்த நிலையில்தான் எழுத முடியும் என்று தம் நாட்குறிப்பில் மகிழ்ச்சியோடு பதிந்தார். அந்தக் கதைக்குப் பெயர் "தீர்ப்பு" என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒன்றாக வரும். தீர்ப்பிடும் குரலுக்கு வாய் திறக்க இடமே கிடைக்காத ஓர் இரவில் பிறந்த கதை அது. வெறுப்பு அவரை எழுதவைத்தது என்பதைவிட, வெறுப்பு கண்ணயர்ந்த நேரங்களில் அவர் எழுதினார் என்பதே அவருடைய குறிப்புகளுக்கு நெருக்கமான விளக்கம். மேலும், தன்வெறுப்பால் வாடிய கலைஞர்களில் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் எப்படியோ எழுதி முடித்தவர்கள் மட்டுமே. முதல் பக்கத்தோடு நின்றுபோனவர்களை யாரும் எடுத்துக்காட்டாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவர்கள் எதையும் விட்டுச்செல்லவில்லை.

காஃப்காவைவிட இந்தப் பேச்சுக்குப் பொருத்தமான மனிதர் ஜெர்மானிய இசையமைப்பாளர் பேத்தோவன் என்று நினைக்கிறேன். 1801இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக மனிதர்கள் கூடும் இடங்களைத் தவிர்த்துவருவதாகவும், எனக்குக் காது கேட்கவில்லை என்று அவர்களிடம் சொல்ல முடியாததே காரணம் என்றும் எழுதினார். மற்றவர்களைவிடக் கூர்மையாக இருக்கவேண்டிய புலனிலேயே இசைக்கலைஞனுக்குக் குறை என்பதை எப்படி ஒப்புக்கொள்வது? 1802 அக்டோபரில் ஹைலிகன்ஷ்டாட் என்ற சிற்றூரிலிருந்து சகோதரர்களுக்கு எழுதி அனுப்பாமலே வைத்துக்கொண்ட கடிதத்தில், வாழ்வை முடித்துக்கொள்ளும் எல்லைவரை போனதையும், தனக்குள் இருக்கும் இசையை வெளிக்கொணராமல் உலகைவிட்டுப் போக முடியாது என்ற எண்ணமே தடுத்ததையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பிறகு 1806இல், நால்வர் தந்தி இசைக்கான குறிப்புகள் எழுதிய ஒரு தாளின் ஓரத்தில் தமக்குத் தாமே ஒரு வரி எழுதிக்கொண்டார்: உன் செவிட்டுத்தன்மை இனி இரகசியமாக இருக்கவேண்டாம், கலையிலும்கூட. சமூகத்திடம் மறைக்கவேண்டாம் என்றால் புரிந்துகொள்ளலாம், கலையிலும்கூட என்கிறார். ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால் கூட்டங்களைக் கண்டு ஒளிந்த மனிதர், மறைப்பதற்குச் செலவான வலிமையை மீட்டெடுத்துக்கொள்ளும் இடம் அது. காது திரும்பவில்லை, துயரமும் தீரவில்லை. மூன்றாவது சிம்பொனி முடிந்திருந்தது; ஐந்தாவது 1808இல் வந்தது. அந்த ஒரு வரியால்தான் அவை பிறந்தன என்று சொல்வது மடமை. மறைத்துக்கொண்டே அந்த அளவுக்கு வேலைசெய்திருக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

உடலின் குறையை ஏற்பது புதிய வடிவத்துக்கே வழிதிறந்த நிகழ்ச்சியும் உண்டு. பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி மத்தீஸ் 1941இல் வயிற்றுப் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் காலம் கழித்தார். உதவியாளர்கள் தாள்களுக்கு வண்ணம் பூசிக் கொடுக்க, அவர் கத்தரிக்கோலால் நேரடியாக வண்ணத்தையே வெட்டினார். வெட்டிய உருவங்களைச் சுவரில் குண்டூசியால் பொருத்தி, மாற்றிப் பொருத்தி, அறை முழுவதையும் தோட்டமாக்கினார். வெட்டுத்தாள் உத்தி அவருக்குப் புதிதல்ல. முப்பதுகளில் பெரிய சுவரோவியம் ஒன்றைத் திட்டமிடுவதற்கு அதைத் துணைக்கருவியாகப் பயன்படுத்தியிருக்கிறார். நின்று வரையும் பழைய மத்தீஸாகவே இருந்தாகவேண்டும் என்ற பிடிவாதம் இல்லாததால், துணைக்கருவி தலைமைக் கருவியாயிற்று. எழுபது வயதைக் கடந்த ஒருவர் தம்முடைய புகழ்பெற்ற பழைய உருவத்தை விட்டுக்கொடுப்பது எளிதான செயலாக எனக்குத் தோன்றவில்லை.

நம் மரபிலேயே இதற்கு ஓர் இலக்கண வடிவம் இருப்பதை நாம் ஏனோ கவனிப்பதில்லை. காப்பியம் பாடவரும் புலவர் அவையடக்கம் சொல்லித்தான் தொடங்குகிறார். பாற்கடலை முழுவதும் நக்கிக் குடித்துவிடலாம் என்று புகுந்த பூனையைப் போல நான் இந்தக் கதையைச் சொல்லப் புகுந்தேன் என்கிறார் கம்பர். வெறும் சம்பிரதாயப் பணிவு என்று இதைப் பள்ளியில் கடந்துபோய்விடுகிறோம். எனக்கு அது வேறாகப் படுகிறது. கடல் பெரிது, நாக்கு சிறிது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டதால் அதை மறைக்கும் வேலை இல்லை. அடுத்து வரும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களுக்கும் கை தடையின்றி ஓடுகிறது. தான் சிறியவன் என்பதை ஏற்காத பூனை கரையிலேயே நின்றிருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை தேவை. தன்னேற்பு முதலில் முழுமையாகக் கைகூடட்டும், அதன் பிறகு எழுதத் தொடங்குகிறேன் என்று காத்திருப்பது இன்னொரு வகைத் தள்ளிப்போடல். உறவு இருவழிப்பட்டது, படைப்பதாலும் தன்னேற்பு வளர்கிறது. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தம்மை ஆழமாகப் பாதித்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதினார்கள். நிகழ்ச்சியையும் அதன் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்த உடனே மனம் கனத்துத்தான் போனார்கள். ஆனால் அடுத்த மாதங்களில் மருத்துவ உதவி தேடிப் போனது குறைந்திருந்தது. பின்வந்த ஆய்வுகளில், நாள்கள் செல்லச் செல்ல "ஏனென்றால்", "புரிகிறது" போன்ற சொற்கள் மிகுந்து கதை ஓர் ஒழுங்குக்கு வந்தவர்களே கூடுதல் பயன் பெற்றதாகத் தெரிந்தது. ஏற்க முடியாமல் சிதறிக்கிடந்தது, வடிவம் பெறும்போது ஏற்கத்தக்கதாக மாறுகிறது. எழுத்தின் தொழிலே சிதறியதற்கு வடிவம் தருவதுதான் என்பதால் இதில் வியப்பில்லை. ஆறாத காயத்தைத் தனியாகக் கிளறுவது எல்லோருக்கும் உகந்ததல்ல என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். தூக்கம் கெடும் அளவுக்குப் போனால் பேனாவை வைத்துவிட்டு மனநல நிபுணரைப் பார்ப்பதே முறை.

எல்லாவற்றையும் வெளியே கொட்டுவதே தன்னேற்பு என்ற எண்ணமும் சரியல்ல. ஒன்றைத் தனக்குள் ஏற்பது வேறு, ஊரறிய வெளியிடுவது வேறு. எழுதியது பிறரின் அந்தரங்கத்தைத் தொடுமானால் வெளியிடாமல் வைத்துக்கொள்ளும் உரிமையும் கடமையும் எழுதியவருக்கு உண்டு. தன்னிடமே பொய் சொல்லாமல் எழுதி, பெட்டியில் பூட்டி வைத்த பக்கம்கூட, அடுத்து எழுதும் கற்பனைக் கதையின் குரலை மாற்றிவிடும்.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் நீண்ட பட்டியல் தருவதில்லை. முதல் பிரதி எழுதும் வேளையையும் திருத்தும் வேளையையும் ஒரே அமர்வில் கலக்காமல் இருந்தால், நீதிபதிக்கு வேலை நேரம் குறித்துக் கொடுத்ததாக ஆகும். திருத்தும்போது அவர் எவ்வளவு கடுமை காட்டினாலும் வரவேற்கலாம். பிரதியில் மொழி திடீரென்று பொதுவாகவும் அலங்காரமாகவும் மாறும் இடங்களை அடிக்கோடிட்டு, அங்கே எதை மறைக்கப் பார்த்தேன் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதச் சொல்வேன். திருத்தக் குறிப்புகளில் "நான்" என்று தொடங்கும் வாக்கியங்களை "இந்தப் பத்தி" என்று தொடங்கி மாற்றி எழுதிப் பார்க்கச் சொல்வேன். "நான் சலிப்பூட்டுகிறேன்" என்பதை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை. "இந்தப் பத்தி சலிப்பூட்டுகிறது" என்றால் இரண்டாம் வாக்கியத்தை வெட்டிப் பார்க்கலாம்.

ஒலிபெருக்கிக் கதையை எழுதியவர் மூன்றாவது பிரதியோடு மீண்டும் வந்தார். முதல்முறை வந்தபோது தாள்களைக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், இந்த முறை நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். அந்த வரியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. "கைதட்டிய பிறகு வரும் பத்தி இழுக்கிறது, பாதியை எடுத்துவிடலாமா?" என்று கேட்டார். எடுத்துவிட்டோம்.